டயர் காசு

எங்கள் வீட்டில் சாமித்தட்டுக்குக் கீழே பிஸ்கட் வந்த இரண்டு தகரப் பேணிகள் இருக்கின்றன. சின்னப் பேணி வீட்டுக்கு, பெரிய பேணி லொறிக்கு. இது என் மனைவி போட்ட சட்டம். லொறி வாங்கிய முதல் மாதம், கையில் வந்த காசெல்லாம் உழைப்பு என்று நினைத்து நான் ஆட்டிறைச்சியும் கையுமாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். ஒரு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் வாயைத் திறந்தாள்.

"நீங்க ஆர்? லொறிக்குச் சொந்தக்காரனா, டிரைவரா?"

"ரெண்டும்தான்."

"அப்ப டிரைவருக்குச் சம்பளத்தக் குடுங்க. அந்தச் சம்பளத்தில நாங்க சாப்பிடுவம். மிச்சம் லொறிட காசு. அது நம்மட இல்ல."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பதினான்கு வருடம் அடுத்தவன் லொறியை ஓட்டி, ஒவ்வொரு நடைக்கும் முதலாளியின் முன்னால் கை நீட்டி நின்றவன் நான். ஒருவழியாகச் சொந்த லொறி வாங்கினால், சொந்த வீட்டில் மறுபடியும் டிரைவர் வேலையா? இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதில் ஒரு பிழையும் இருக்கவில்லை. அது இன்னும் எரிச்சலைத் தந்தது.

அன்றிலிருந்து இதுதான் நடைமுறை. ஹயர் ஓட்டம் முடிந்து வந்ததும் டீசலையும், மூடை ஏற்றி இறக்கிய நாட்டாமிமாரின் கூலியையும் கழித்துவிட்டு மிச்சத்தை மேசையில் வைப்பேன். அவள் டிரைவரின் சம்பளத்தை எண்ணிச் சின்னப் பேணியில் போடுவாள். மீதி பெரிய பேணிக்குப் போகும். அதற்குள் நான்கு கடித உறைகள். ஒன்று லொறி எடுத்த லீசிங் கடனுக்கு, ஒன்று இன்சூரன்சுக்கும் வரிக்கும், ஒன்று கராஜுக்கு, கடைசி உறை டயருக்கு. எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைப்பாள். சின்னப் பேணி காலியானால் கடையில் கடன் சொல்லுவோம், பருப்பும் சோறுமாக நாளைத் தள்ளுவோம். பெரிய பேணியில் மட்டும் கை வைப்பதில்லை.

கை வைக்கவும் கூடாது. ஏனென்றால் எங்கள் பக்கத்தில் லொறிக்காரனின் வருமானம் வெள்ளாமையோடு வந்து வெள்ளாமையோடு போய்விடும். தை, மாசியில் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் பெரும்போக நெல் வெட்டும்போது, ஒரு நாளைக்கு மூன்று நடைகூட ஓடலாம். அந்த நாட்களில் நான் பெரிய மனுசன். பிறகு செங்கல், பசளை, இடைக்கிடை தம்புள்ளைக்கு மரக்கறி என்று இழுத்துப் பறித்துச் சிறுபோக வெட்டு வரை வர வேண்டும். கார்த்திகை மழையில் லொறி வீட்டு வாசலில் நிற்கும், நான் அதைச் சுற்றிச் சுற்றி நடப்பேன். லீசிங்காரனுக்கு மாரியும் தெரியாது, கோடையும் தெரியாது. மாதம் பிறந்தால் போன் அடிப்பான். இரண்டு மாதம் தவறினால் கடிதம் வரும். மூன்றாவது மாதமும் தவறினால் ஆட்கள் வந்து லொறியை எடுத்துக்கொண்டு போவார்கள். எங்கள் ஊர் வழியாக அப்படிப் போன இரண்டு லொறிகளை நானே பார்த்திருக்கிறேன்.

டயர் உறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு விதி உண்டு. முன்னுக்குப் புதுசு, பின்னுக்கு ரீபில்ட். தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டி வருவதைத்தான் ரீபில்ட் என்கிறோம். பின்பக்கத்தில் டயர்கள் சோடி சோடியாக ஓடும். ஒன்று வெடித்தாலும் மற்றது தாங்கும். முன் டயருக்குத் துணை கிடையாது. பாரத்தோடு அது வெடித்தால் ஸ்டியரிங் யார் சொல்லும் கேட்காது. டீசலுக்கு வரிசையில் கிடந்த அந்தக் காலத்துக்குப் பிறகு டயர் விலை ஏறிய ஏற்றத்தில், இரண்டு புது டயருக்குக் காசு சேர்க்க எங்களுக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. ஒவ்வொரு நடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த உறை தடித்துக்கொண்டு வந்தது. மார்கழியில் நிறைந்தது.

அதே மார்கழியில்தான் என் அக்காவின் மகளுக்குக் கல்யாணம் பேசி, தை முதல் கிழமையில் நாள் வைத்தார்கள். நான் தாய்மாமன். அந்தப் பிள்ளைக்கு ஒரே மாமன். லொறிக்கு முற்பணம் கட்டக் காசு போதாமல் நான் திண்டாடியபோது, கழுத்தில் கிடந்த சங்கிலியைக் கழற்றி, அடகு வைக்கச் சொல்லித் தந்தவள் அக்கா. அந்த மணவறையில் நான் அரைப் பவுணில் ஒரு மோதிரமாவது போடாமல் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மனைவியிடம் சொன்னேன். அவள் சின்னப் பேணியைத் திறந்து காட்டினாள்.

"ஒரு நல்ல சாறி எடுக்கலாம். கையில பத்தாயிரம் வெக்கலாம்."

"மாமன் வெறுங்கையோட போறதா?"

"வெறுங்கையெண்டு ஆர் சொன்ன? இருக்கிறதக் கொண்டு போங்க. மச்சாள்ர சங்கிலிய வட்டியோட மீட்டுக் குடுத்திட்டம்தானே. அவ ஒண்டும் கேக்கல்லயே."

"கேக்கமாட்டா. அதுதான் எனக்குக் கஸ்டமாக் கிடக்கு."

மறுநாள் அவள், முன் டயர் இரண்டும் புதுசாக வாங்கி வரச் சொல்லி, டயர் உறையை எடுத்து என் கையில் தந்து, "கவனமாக் கொண்டு போங்க, மழ தூறுது" என்றாள். அந்தக் காசை மடியில் கட்டிக்கொண்டு நான் டவுனுக்குப் போனேன்.

டயர்க் கடைக்காரர் வழக்கம்போலக் கேட்டார், "முன்னுக்கா, பின்னுக்கா?"

"பின்னுக்கு."

அவ்வளவுதான். ஒரே சொல். இரண்டு ரீபில்டை அவர் உருட்டி வெளியே விட்டார். அங்கேயே பூட்டினால் கேள்வி வரும் என்று, என்னைத் தெரியாத ஒரு கராஜில் கொண்டுபோய் முன்னுக்குப் பூட்டினேன். பூட்டிய ஆள் என் முகத்தை ஒருமுறை பார்த்தான். மிச்சக் காசு அன்று மாலையே நகைக்கடையில் மோதிரமாக மாறியது. வீட்டில், ஒரு சீட்டு விழுந்தது என்று சொன்னேன். அப்படி ஒரு சீட்டு இருப்பதே அவளுக்குத் தெரியாது என்பதால், என்மேல் இரண்டு நாள் மனத்தாங்கலாக இருந்தாள். நான் இரண்டு பொய் சொல்லியிருக்க, அவள் சின்னப் பொய்க்குக் கோபித்துக்கொண்டு பெரியதை நம்பிவிட்டாள்.

புது ரப்பர் கறுகறுவென்றுதான் இருந்தது. அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கொப்பியில் 'முன் டயர் இரண்டு, புதுசு' என்று எழுதினாள். களுதாவளைப் பிள்ளையாரிடம் லொறியைக் கொண்டுபோகச் சொல்லி, இரண்டு டயருக்கும் திருநீறு பூசி, கீழே எலுமிச்சங்காய் வைத்தாள். நான் அதன்மேல் ஏற்றி நசித்தேன். அப்போது அவள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மோதிரம் மணவறையில் எடுபட்டது. அக்கா அழுதாள். அதை மறைக்க மாட்டேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வெட்டுத் தொடங்கி இரண்டு கிழமை ஓடினால் உழைப்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி, சத்தமில்லாமல் புது டயர் போட்டுவிடலாம் என்று கணக்கும் வைத்திருந்தேன்.

அந்தக் கணக்கு பிழைத்தது. ஏனென்றால் அந்த வெட்டுக்கு மனைவியும் என்னோடு லொறியில் வரத் தொடங்கினாள். காரணம் நான்தான். நெல்லுக்காரர் "மில்காரன் தந்தாத் தாறன்" என்பார், மில்காரர் "நாளைக்கு வாங்க" என்பார். நான் கேட்டால் சண்டை வரும். அவள் கேட்டால் காசு வரும். மில் வாசலில் கொப்பியோடு போய் நிற்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள், போகவும் மாட்டாள். காசு நேரே அவள் கைக்குப் போனதால், சத்தமில்லாமல் ஒதுக்க எனக்கு வழியிருக்கவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபிறகு ஏறி, அவர்கள் வரும்முன் இறங்கிவிடுவாள். அவள் உட்காரும் இடது பக்க சீட், முன் இடது டயருக்கு நேர் மேலே இருந்தது.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். மாசி மாதம், காலை. போவதற்கு முன் லொறியைச் சுற்றி வந்தபோது, இடது முன் டயரின் ஓரத்தில், புது ரப்பர் பழையதோடு ஒட்டும் இடத்தில், ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பைப் பார்த்தேன். நகத்தை விட்டுப் பார்த்தேன், உள்ளே போனது. அன்று ஹயருக்குப் போகாமல் நின்றிருக்கலாம். ஆனால் ஒரு மாத லீசிங் ஏற்கெனவே பிந்தியிருந்தது, அடுத்தது நான்கு நாளில். வெட்டுக் காலத்தில் லொறியை ஏன் நிறுத்துகிறேன் என்று அவளுக்கு என்ன சொல்வது? மெல்ல ஓடிச் சமாளிக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

பட்டிருப்புப் பாலத்தால் வாவியைத் தாண்டிப் படுவான்கரை வயல் வட்டைக்குள் போய்ச் சேர்ந்தபோது, மெசின் வெட்டிப் போட்ட பச்சை நெல்லை மூடையாகக் கட்டி வைத்திருந்தார்கள். நாட்டாமிமார் தொண்ணூறு மூடை ஏற்றினார்கள். என் லொறிக்கு அதுதான் கணக்கு. நிலத்தில் இன்னும் இருபது கிடந்தன. மேற்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வயல்கார ஐயா என் தோளைப் பிடித்தார்.

"மனே, இதையும் போட்டுக்கொண்டு போ. மழ விழுந்தா முளைச்சிரும். கூட்டித் தாறன்."

"ஒண்ணா ஐயா. பாரம் கூட."

"ஒரு நாளும் இருவது மூட கூட ஏத்தாத ஆள் மாதிரிக் கதைக்கிறாய்."

"ஒண்ணா எண்டா ஒண்ணாதான்!" என்று கத்திவிட்டேன். அந்த மனுசன் திகைத்துப்போனார். மனைவி என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டாள்.

"ஏன் அவரோட எரிஞ்சு விழுறீங்க? இதையும் ஏத்தினா லீசிங் காசில அரைவாசி வந்திரும். மெல்லப் போனாச் சரிதானே. முன் டயர் புதுசு. என்ன பயம்?"

அவள் முகத்தைப் பார்த்தேன். சொல்லிவிட அதுதான் இடம், அதுதான் நேரம். நாட்டாமிமார் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சரி, போடுங்க" என்றேன்.

மூடைகளின் மேல் படங்கை இழுத்துக் கட்டிவிட்டுப் புறப்பட்டோம். வட்டைக்குள் கிறவல் ரோட்டில் லொறி ஊர்ந்தது. ஒவ்வொரு குழியும் என் நெஞ்சுக்குள் விழுந்தது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். தார் ரோட்டில் ஏறியதும் கொஞ்சம் மூச்சு வந்தது. அவள் மடியில் கொப்பியை வைத்துக் கணக்குப் பார்த்தபடி வந்தாள்.

"இந்த வெட்டோட பிந்தின லீசிங்கக் கட்டிரலாம். மறுகா டயர் உறைக்குத் திரும்பச் சேர்க்கத் தொடங்கோணும்."

"ம்."

"என்ன, பேசாம வாறீங்க?"

"ரோட்டப் பாக்கிறன்."

பாலத்துக்கு முந்திய ரோட்டில் ஏறினோம். இரண்டு பக்கமும் வாவி. அவள் இருந்த பக்கம் ரோட்டோரத்துக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு ஆள் நிற்கும் அகலம்தான் இருந்தது. காற்று கிளம்பி, வாவி கறுத்துப்போய்க் கிடந்தது. பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. அவள் கொப்பியை மூடி வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டு சொன்னாள்:

"நீங்க கோவக்காரன்தான். ஆனா காசுக் கணக்கில ஒரு நாளும் கள்ளமில்ல. அதாலதான் நான் நிம்மதியா நித்திர கொள்ளுறன்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை. கீழே டப், டப், டப் என்று அடித்தது. ரப்பர் உரிந்து மட்காட்டில் மோதும் சத்தம். ஸ்டியரிங் இடது பக்கம், தண்ணீர்ப் பக்கம், இழுத்தது. நான் பிறேக்கை மிதிக்கவில்லை. மிதித்தால் முடிந்தது. காலை எடுத்துவிட்டு, முழு உடம்பையும் கொண்டு வலது பக்கம் பிடித்தேன். பஸ்காரன் விடாமல் ஹோர்ன் அடித்தான். சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து, லொறி நடு ரோட்டில் நின்றது.

"இறங்கு."

"என்ன நடந்த?"

"இறங்கெண்டு சொல்றன் புள்ள, இறங்கு!"

அவள் குதித்து இறங்கினாள். நான் மற்றப் பக்கத்தால் சுற்றிக்கொண்டு ஓடினேன். இரண்டு சாண் நீளத்துக்கு ரப்பர் உரிந்து தொங்கியது. உள்ளே பழைய டயரின் கம்பி தெரிந்தது. இன்னும் ஒரு நூறு யார் ஓடியிருந்தால் வெடித்திருக்கும். அவள் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புது டயர் இப்பிடித் தோல் உரியிறமாதிரி உரியுமா?"

"அது புதுசு இல்ல."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"மோதிரம்" என்றாள்.

"ஓம்."

பஸ்சில் இருந்தவர்கள் யன்னலால் தலையை நீட்டிக் கத்தினார்கள். அவளுக்கு அது ஒன்றும் கேட்டதாகத் தெரியவில்லை.

"இது தெரிஞ்சுகொண்டா இதுக்கு மேல என்னைய இருத்திக் கொண்டு வந்தீங்க? இருவது மூடையையும் ஏத்துங்க எண்டு நான் சொல்லக்குள்ள, பாத்துக்கொண்டு நிண்டீங்களே!"

நான் செத்திருந்தால் நல்லது என்று அந்த நிமிடம் உண்மையாகவே நினைத்தேன். கோபம் வந்தால் எனக்குச் சொற்கள் தாராளமாக வரும். வெட்கத்துக்கு ஒன்றும் வரவில்லை. ஜக்கை எடுத்துக்கொண்டு லொறிக்கு அடியில் போனேன். பஸ்சில் வந்த இரண்டு பேர் இறங்கி, ஜக்குக்கு அடியில் பலகை வைக்கக் கைகொடுத்தார்கள். என்னிடம் இருந்த ஸ்பெயார், கழற்றிப் போட்ட பழைய முன் டயர். மொட்டை, ஆனால் முழுசு. அதைப் பூட்டி முடிக்கும்போது மழை தூறத் தொடங்கிவிட்டது. அவ்வளவு நேரமும் அவள் லொறிக்குப் பின்னால் நின்று, வரும் வாகனங்களைக் கை காட்டி விலக்கிவிட்டுக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்து பிடித்தேன். அவள் ஏறவில்லை.

"நீங்க போங்க. நான் நடந்து வாறன்."

"மழ பெய்யுது."

"பெய்யட்டும்."

கொப்பியைச் சீலைத் தலைப்புக்குள் சுற்றிக்கொண்டு அவள் நடந்தாள். நூற்றிப்பத்து மூடை நெல்லோடு நான் அவளுக்குப் பின்னால், முதல் கியரில், அவள் நடக்கிற வேகத்துக்கு ஊர்ந்தேன். முழுப் பாலத்தையும் அப்படித்தான் கடந்தோம். முந்திப் போனவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வைப்பருக்கு அந்தப் பக்கம் நனைந்த முதுகு ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவள் ஒருமுறையும் திரும்பவில்லை.

பாலம் முடிந்து ரோட்டு அகலமான இடத்தில் நின்றாள். நான் லொறியை ஓரங்கட்டி இறங்கிப் போனேன். அடிப்பாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நிதானமாகக் கேட்டாள்.

"போன வருசம் உங்களுக்குக் கை முறிஞ்சு கிடக்கக்குள்ள ஓடின டிரைவர ஞாபகமிரிக்கா?"

இருந்தது. என் வயதுக்காரர். இரண்டு மாதம் ஒழுங்காக ஓடினார். ஒருநாள் டாங்கியிலிருந்து பத்து லீற்றர் டீசல் இழுத்ததைக் கண்டுபிடித்தேன். சந்தியில், ஆட்கள் நிறைந்த நேரத்தில், கள்ளன் என்று கத்தி, லொறித் திறப்பை அவர் கையிலிருந்து பறித்தேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் விடவில்லை.

"பத்து லீற்றருக்கு அந்த மனுசனச் சந்தியில வெச்சு வேலையால நிப்பாட்டினீங்க. இப்ப இந்த டிரைவர என்ன செய்யப் போறீங்க? லொறிக்குச் சொந்தக்காரன் நீங்கதானே. சொல்லுங்க."

மழையில் நின்று யோசித்துவிட்டு, "சம்பளத்தில வெட்டு" என்றேன்.

"சம்பளத்த வெட்டினா நானும் புள்ளையளும்தான் பட்டினி கிடக்கோணும். ஒழுங்கா யோசிச்சுச் சொல்லுங்க."

மில்லுக்குப் போனோம். அவள் நடந்தே வந்தாள். நனைந்த உடுப்போடு மில் வாசலில் நின்று, வயல்கார ஐயா கூட்டித் தருவதாகச் சொன்ன காசையும் சேர்த்து வாங்கினாள். அன்று பின்னேரம் மேசையில் காசை எண்ணி, வழக்கம்போல டிரைவரின் சம்பளத்தை ஒரு ரூபாயும் குறைக்காமல் சின்னப் பேணியில் போட்டாள். அவள் என்னைக் கெட்ட வார்த்தையால் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை முடிவைச் சொன்னேன். அந்த வெட்டு முடியும்வரை மூடை இறக்குவது நான். அந்தக் கூலி டயர் உறைக்கு. அவள் சரி என்று தலையை ஆட்டினாள். மொட்டை டயரில் பாதி மூடையோடு, மெல்ல மெல்ல ஓடினேன். ஒரு நடையில் வருவது இரண்டு நடைக்குப் பிரிந்து, டீசல்தான் கூடியது. லீசிங் இரண்டாவது மாதமும் தவறிக் கடிதம் வந்தது. மூன்றாவது மாதத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது இரண்டு மாதக் காசையும் கட்டினோம். மில்களில் என்னைத் தெரிந்த நாட்டாமிமார், "என்ன முதலாளி, எங்கட வயித்தில அடிக்கிறீங்க?" என்று பகிடி விட்டார்கள். என் தோள் தோலும் உரிந்தது. பங்குனிக் கடைசியில், உறையில் இருந்த காசோடு கொஞ்சம் கடனும் வாங்கி டயர்க் கடைக்குப் போனோம். கடைக்காரர் கேட்குமுன், "முன்னுக்கு" என்று அவளே சொன்னாள்.

அந்தப் பழைய டிரைவரைப் பிறகு ஒருநாள் சந்தியில் கண்டேன். வேறொருவரின் லொறியில் இருந்தார். இறங்கிப் போய், அன்று கத்தியது பிழை என்று சொன்னேன். அவர் "அது போகட்டும்" என்று சொல்லிவிட்டு லொறியை எடுத்துக்கொண்டு போனார். டீசலை ஏன் எடுத்தார் என்று நான் இன்னும் கேட்கவில்லை.

மோதிரத்தைப் பற்றி மனைவி இன்றுவரை ஒரு சொல் எடுத்ததில்லை. அக்கா வீட்டுக்குப் போனால் அந்தப் பிள்ளையின் விரலை நான்தான் பார்க்காமல் இருக்கிறேன். எங்கள் பேணிகள் இரண்டும் அதே இடத்தில் இருக்கின்றன. கொப்பியை இப்போதும் அவள்தான் எழுதுகிறாள்.

இரண்டு வருடமாகிறது. இந்த மாசி வெட்டுக்கும் அவள் என்னோடு வருகிறாள். காலையில் லொறியடிக்கு வந்ததும் கொப்பியைச் சீட்டில் வைப்பாள். பிறகு குனிந்து, இடது முன் டயரைக் கையால் சுற்றிவரத் தடவிப் பார்ப்பாள். ஒருநாளும் தவறியதில்லை, என்னை ஒன்று கேட்டதுமில்லை. நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அவள் பார்த்து முடியும்வரை நிற்கிறேன்.